கடலும் ஒரு தெருவே

மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு நீர் என்பது குளமும் ஏரியும் கிணறுமே. திருவண்ணாமலைப் பகுதி மக்களிடம் படகு என்று சொன்னால், தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணைதான் அவர்கள் நினைவுக்கு வரும். பெருநாளுக்கு மறுநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, சோற்றுப் பொட்டலங்களுடன் அங்கே சென்று வராத முஸ்லிம் குடும்பம் இம்மாவட்டத்தில் குறைவு. அது உல்லாசம், நீரில் மிதந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவது. நாம் இங்கு எழுதப் புகுவது வேறொரு படகைப் பற்றி. ஒரு கரையில் வீடும் மறுகரையில் சந்தையும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் உள்ள மக்களை நாள்தோறும் ஏற்றி இறக்கும் படகு அது. அதில் நாமும் ஒரு மூலையில் இடம்பிடித்து அமர்ந்து செல்வதில் ஓர் அமைதியான இன்பம் இருக்கின்றது.

தமிழ் பேசும் உலகில் இவ்வின்பத்தை நிறைவாகப் பெற யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத்தான் செல்ல வேண்டும். குடாநாட்டின் தென்மேற்கே காரைநகர், வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் தம் தாயகத்து ஊர்களின் பெயர்களை இவற்றுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. அனலைதீவு ரோட்டர்டாம் ஆயிற்று. ஊர் மக்கள் அப்பெயர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

யாழ் நகரத்திலிருந்து பேருந்தில் ஏறினால் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை வரும். அதன் பின்னர் புங்குடுதீவுக்குச் செல்லும் தாம்போதி. கடலைக் குறுக்கறுத்துப் போடப்பட்ட சாலையை இலங்கைத் தமிழர் தாம்போதி என்பர். இருபுறமும் முழங்கால் ஆழ நீர். அதில் நாட்டிய கம்புகளின் மேல் நாரைகளும் நீர்க்காகங்களும். சாலை முடியும் இடம் குறிகாட்டுவான் இறங்குதுறை. இங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரத்திற்குச் சற்று மேல். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

துறையில் காத்திருப்பதே பயணத்தின் முதற் பகுதி. அவசரப்படுவோருக்கு அங்கே இடமில்லை. அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள், சிமெண்டுப் பைகள், மிதிவண்டிகள், முடிந்த கோழிகள், ஒரு வீட்டுக்குப் போகும் புதுக்கதவு என ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. நாம் கடையில் வாங்கி மறந்துவிடும் ஒவ்வொரு பொருளும் ஒரு தீவுக்குச் செல்ல எத்தனை கைகள் மாற வேண்டும் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்ப்போம். பிறகு மனிதர்கள். நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகதீப பௌத்த விகாரையும் இருப்பதால், பட்டுடுத்திய தமிழ்ப் பெண்களும் வெள்ளையுடுத்திய சிங்களக் குடும்பங்களும் ஒரே படகில் தலைகுனிந்து இறங்கி அடுத்தடுத்து அமர்வதைக் காணலாம். முஸ்லிம் குடும்பங்களும் வாழ்ந்த தீவு அது. படகின் கூரை தாழ்வானது. யாராயினும் குனிந்தே நுழைய வேண்டும்.

இயந்திரத்தின் இரைச்சல் முதல் சில நிமிடங்கள் தொல்லையாக இருக்கும். பின்னர் அந்த இரைச்சலே நன்மையாகிவிடுகின்றது. பேசினால் கேட்காது, ஆகவே யாரும் பேசுவதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம் ஊர், தொழில், சம்பளம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் கேட்டு முடித்திருப்பார். இங்கே அவர் கடலைப் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம். கரையோரம் சேறு கலந்த பச்சை. சற்றுத் தள்ளிக் கண்ணாடிப் பச்சை. ஆழம் கூடக்கூட நீலம். பச்சைப் பிள்ளைகள் இயந்திரத்தின் தாலாட்டில் உறங்கிவிடுகின்றன. தொலைவில் முதலில் தீவு தெரிவதில்லை. பனைகளின் தலைகள் மட்டும் நீரின் மேல் கருங்கோடாகத் தெரிகின்றன. அந்தக் கோடு தடித்து, பனைகளுக்கு அடிமரம் முளைத்து, அதன் பிறகே மணலும் துறையும் வெளிப்படுகின்றன.

நெடுந்தீவில் இறங்கினால் பவளப் பாறைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள், டச்சுக் கோட்டையின் இடிபாடு, வெட்டவெளியில் தம் விருப்பம்போல் மேயும் குதிரைகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஆகியவற்றைக் காணலாம். மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலும் அத்தகைய பருத்த பெருக்கமரம் ஒன்று நிற்கின்றது. அரபு வணிகர்களின் மரக்கலங்களில் வந்த விதை என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

இலங்கைத் தமிழில் ஓர் அழகிய வழக்கு உண்டு. வண்டிகளையும் மக்களையும் ஏற்றிக் குறுகிய நீர்ப்பரப்பைக் கடக்கும் தட்டையான மிதவைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் "பாதை". ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே அப்படி ஒரு பாதை ஓடுகின்றது. "பாதை வந்துவிட்டதா?", "பாதை அக்கரையில் நிற்கிறது" என்று அவர்கள் பேசும்போது வெளியூர்க்காரர் திகைப்பார். நமக்குப் பாதை என்பது கிடந்த இடத்தில் கிடப்பது. அவர்களுக்கோ அது போய்வருவது. அக்கடவையின் நடுவே நீரிலேயே எழுந்து நிற்கும் பழைய கடற்கோட்டை, பன்றித்தொடையின் குதிகால் போன்ற உருவம் கொண்டது என்பதால் ஹாமன்ஹீல் என டச்சு மொழியில் பெயர் பெற்றதாம். நாம் அதைக் கடற்கோட்டை என்றே சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

நமது சமுதாயத்துக்கும் இக்கடலுக்கும் உள்ள உறவு சொற்களிலேயே பதிந்து கிடக்கின்றது. மரக்கலத்தோடு வந்தது மரக்காயர் என்ற பெயர் என்பர். கப்பலைச் செலுத்துவோனைக் குறிக்கும் மாலுமி என்ற சொல், ஆசான் எனப் பொருள்படும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். மதரஸாவில் குர்ஆன் ஓதிக்கொடுப்பவரும், இருட்டில் விண்மீன் பார்த்துக் கலம் செலுத்துபவரும் ஒரே பெயருக்கு உரியவர்களாயினர்.

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும் இந்நீரிணையைக் கடந்தவர்தாம். 1344-இல் மாலத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்த அவர் புத்தளத்தில் இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை மதித்து வரவேற்றான். அம்மன்னனுக்குப் பாரசீக மொழி புரிந்தது என்று பதூதா எழுதுகின்றார். பாவா ஆதம் மலைக்குச் சென்று திரும்பியபின் அவர் தமிழகக் கரை நோக்கிக் கலம் ஏறினார். கரைக்கு அருகில் கலம் தரைதட்டி உடைந்தது. தம்முடன் வந்தோரைக் கரைக்கு அனுப்பிவிட்டு, இரவெல்லாம் உடைந்த கலத்தின் பின்பகுதியிலேயே அமர்ந்திருந்தார். மறுநாள் அவரைப் படகில் வந்து மீட்டவர்கள் அக்கரையில் வாழ்ந்த, நம் சமயத்தைச் சாராத எளிய மக்கள். அதன் பின்னரே அவர் மதுரைச் சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்த நன்றிக்கடனை நம்மவர் திருப்பிச் செலுத்திய கதை இராமேசுவரத்தில் உண்டு. குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுல் ஆபிதீன் படகோட்டத் தொழில் செய்தவர். உறவினர் அஹ்மத் ஜலாலுத்தீனின் துணையோடு கடற்கரையிலேயே பாய்மரப் படகு கட்டி, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு இந்து யாத்திரிகர்களை ஏற்றிச் சென்று திரும்ப அழைத்து வந்தார். மரம் படகாக மாறுவதை வியப்போடு பார்த்து நின்ற சிறுவன்தான் பிற்காலத்தில் ஏவுகணை செய்தான். இராமர் திருக்கல்யாண விழாவின்போது குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்திற்குச் சாமி சிலைகளைக் கொண்டுசெல்ல மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்ததும் அக்குடும்பமே. புயலொன்று அவருடைய படகைக் கொண்டுபோயிற்று. அவர் மீண்டும் கட்டினார்.

கோயில் நகரத்தில் வாழும் முஸ்லிம்களாகிய நமக்கு இச்செய்தி புதிரன்று. கார்த்திகைத் தீபத்தன்று மலை சுற்ற வரும் இலட்சக்கணக்கானோர் நம்மவர் கடைகளிலும் தேநீர் அருந்துகின்றனர். நம்மவர் ஆட்டோக்களிலும் ஏறுகின்றனர். தொழுகையும் தொழிலும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. ஜைனுல் ஆபிதீன் அவர்கள் ஐவேளைத் தொழுகையைப் பேணியவர், ஊரில் பெருமதிப்புப் பெற்றவர். படகில் ஏறியவரின் நெற்றியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. படகு நிறைந்துவிட்டதா என்றே பார்த்திருப்பார்.

இராமேசுவரத்தைத் தாண்டியும் ஒரு காலத்தில் பயணம் நீண்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி வரை தொடர்வண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுகரையில் கொழும்புக்கு மீண்டும் தொடர்வண்டி என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. போட் மெயில் என்று பெயர். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்புக் கோட்டை வரை செல்லும். ஏறத்தாழ 22 மைல் கடலை இர்வின், கோஷன் ஆகிய கப்பல்கள் இரண்டு மணி நேர அளவில் கடந்தன. கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் வணிகர்கள் கொழும்பில் கடை வைத்துவிட்டு இக்கப்பலில்தான் நோன்புக்கும் பெருநாளுக்கும் ஊர் திரும்பினர். அவர்கள் வருகையை எதிர்பார்த்து உம்மாமார் வாசலில் நின்ற காலம் அது. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளருக்கோ அதே கடல் வேறு முகம் காட்டியது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் நாட்களைக் கழித்த பிறகே அவர்களுக்குக் கப்பல் கிடைத்தது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலும் எழுந்த கடலும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த தொடர்வண்டியும் பயணிகளோடு அலையில் மறைந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு இராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. இலங்கையில் இனப்போர் மூண்டபின் 1980-களின் நடுப்பகுதியில் அதுவும் நின்றது. உறவுகளை இணைத்த கடவை அடைபட்டது; அதன் பிறகு இக்கடலைக் கடந்தோர் அகதிகளே.

எழுதக் கை கூசினாலும் எழுதியாக வேண்டிய பகுதி இது. 1985 மே 15-ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற பயணப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டனர். இலங்கைக் கடற்படையினர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. ஐந்தாண்டு கழித்து, 1990 அக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று ஒஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு நீங்குமாறு ஆணையிட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்களுக்குத் தரைவழி கிடைக்கவில்லை. அவர்கள் படகுகளில் ஏறிக் கல்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தனர். முதியோர், கைக்குழந்தைகள், நிறைமாதப் பெண்கள் அனைவரும் திறந்த படகுகளில் அக்கடலைக் கடந்தனர். இப்னு பதூதாவை வரவேற்ற அதே புத்தளக் கரை, அறுநூறு ஆண்டுகள் கழித்து இவர்களை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த எளிய முஸ்லிம் குடும்பங்கள் தம் தென்னந்தோப்புகளிலும் திண்ணைகளிலும் இடம் கொடுத்தன. முகாம் வாழ்க்கை பலருக்கு இருபது ஆண்டுகளையும் தாண்டியது. 2009-இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எது ஊர் என்பது எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று.

ஆகவே படகுப் பயணத்தின் இன்பத்தைப் பேசும்போது அது யாருடைய இன்பம் என்பதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். தீவில் வாழ்பவருக்குப் படகு அழகுக்காட்சி அன்று. பேறுகால வலி கண்ட பெண்ணுக்கு, இரவில் படகு உண்டா இல்லையா என்பதே உயிர்க்கேள்வி. திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பழைய பாலத்தை இடித்துப் புதுப்பாலம் கட்டும் வேலை நடந்தபோது மக்கள் மிதவைப் படகில் கடந்து வந்தனர். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்து, பள்ளிக்குச் சென்ற பிஞ்சுகள் உட்பட ஆறு பேருக்கு மேல் மாண்டனர். எண்ணிக்கை மீறி ஆள் ஏற்றாமையும் உயிர்காப்பு அங்கியும் இருந்தால் அவர்களில் எத்தனை பேர் மாலையில் வீடு திரும்பியிருப்பர்? பயணியாகச் செல்லும் நாமும் "நிறைந்துவிட்டது, அடுத்ததில் வருகிறோம்" என்று ஒதுங்கி நிற்கக் கற்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் ஓதப்படும் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா நபியும் ஹிள்ரு அவர்களும் ஏறிய படகின் வரலாறு வருகின்றது. அப்படகு கடலில் உழைக்கும் ஏழைகளுடையது. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் வருவதை அறிந்தே ஹிள்ரு அவர்கள் அதில் ஊறு செய்தார்கள். அவ்வரலாற்றை நாம் ஹிள்ரு அவர்களின் ஞானத்துக்காக நினைவுகூர்கிறோம். பொறுமை இழந்த மூஸா நபிக்காகவும் நினைவுகூர்கிறோம். படகுக்காரர்களை நினைப்பதில்லை. கூலி வாங்காமல் அவ்விருவரையும் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள் என்று நபிமொழி தெரிவிக்கின்றது.

படகில் ஏறும்போது நூஹ் நபி (அலை) தம் கப்பலின் ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் இறைவன் பெயரால் தொடங்கியதை நினைந்து பிஸ்மி சொல்வது கடற்கரை ஊர்களின் பழக்கம். அலை உயர்ந்தால் எல்லாரும் ஓதுவர். கரை தெரிந்ததும் ஓதல் நின்று ஊர்ப்பேச்சு தொடங்கும். மனிதனின் இந்தக் குணத்தைக் குர்ஆன் பல இடங்களில் சுட்டிக்காட்டியிருக்கின்றது. நம் காலத்திலும் அதில் மாற்றமில்லை. தொழுகை நேரம் வந்துவிட்டால், நிற்க முடிந்தவர் நின்றும், தலைசுற்றலுக்கோ விழுவதற்கோ அஞ்சுபவர் அமர்ந்தும் தொழலாம். கலம் திரும்பினால் தாமும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். ஹனஃபிகளாகிய உள்நாட்டாரும் ஷாஃபிகளாகிய கடற்கரையாரும் பயணத்தில் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் வேறுபடுவர். அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

இனிச் செல்ல விரும்புவோருக்குச் சில செய்திகள். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சில நாட்களில் நின்றுபோன அச்சேவை 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் நிறுத்தப்படுவதுண்டு. ஆதலால் நாள் உறுதி செய்துகொண்டே விழுப்புரம் வழியாகப் புறப்படுக. கடவுச்சீட்டு கட்டாயம். தலைமன்னார்க் கடவை மட்டும் இன்னும் திறக்கவில்லை. 2015-இல் அங்கே இருப்புப்பாதை புதுப்பிக்கப்பட்டு, கொழும்பிலிருந்து வரும் வண்டி பழைய கப்பல்துறை வரை வந்து, கப்பலின்றித் திரும்பிச் செல்கின்றது.

வெளிநாடு செல்ல இயலாதவர்கள் பாம்பனில் இறங்கலாம். 1914-இன் பழைய பாலத்திற்குப் பக்கத்திலேயே, நடுப்பகுதி நேராக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 முதல் இயங்குகின்றது. மன்னார் வளைகுடாவில் மனிதர் குடியிருப்பற்ற 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. அவற்றுள் நினைத்தபடி இறங்க அனுமதி இல்லை. வனத்துறையைக் கேட்டே செல்ல வேண்டும்.

காலைப் படகே சிறந்தது. பிற்பகலில் காற்று எழும். வெறும் வயிற்றோடும் வேண்டாம். வயிறு முட்ட உண்டும் வேண்டாம். வாந்தி வரும் என்று அஞ்சுபவர் படகின் நடுப்பகுதியில் அமர்ந்து, தொலைவிலுள்ள கரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வாயில் ஒரு துண்டு இஞ்சி நன்மை செய்யும். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்க. தீவுகளில் நல்ல தண்ணீர் அரிது, அதை விருந்தாளி செலவழிப்பது முறையன்று. திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் நேரத்திற்கு அரை மணி முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள்.